அம்மா கூப்பிட்ட கூட்டம்

வேங்கிக்காலில் இப்போது வீடு கட்டிக் குடியிருப்பவர்களில் என் வயதுக்காரர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு ஒரு சேதி. உங்களில் சிலர் காலையில் கோலம் போடுகிற இடத்தில் ஒரு காலத்தில் மோட்டார் பந்தயம் நடந்தது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சென்னைப் பக்கம் போய்ப் பெரிய பெரிய பைக் பந்தயங்களைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் அவர்கள். "திருவண்ணாமலையில ரேஸ் டிராக்கா? கிரிவலப் பாதையைச் சொல்றீங்களா?" என்று கேட்கிறார்கள். நம்மோடு படித்தவர்களுக்காவது ஞாபகம் இருக்கும் என்றுதான் எழுதுகிறேன். நான் ஐந்தாவது முடித்த கோடை அது.

அப்போது அங்கே கலெக்டர் ஆபீஸ் கிடையாது. வேலூர் ரோட்டை விட்டு இறங்கினால் செம்மண் மேடு. மழைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார்கள். பறித்து எடுத்த பிறகு அடுத்த மழை வரைக்கும் ஆடு மேயும். அந்த மேட்டைத்தான் மாமா நிலத்துக்காரரிடம் இரவலாகக் கேட்டு வாங்கினார். மாமா என்றால் அம்மாவுடைய தம்பி. மெட்ராஸில் ஒரு ஒர்க்ஷாப்பில் பந்தய வண்டிகளுக்கு எஞ்சின் வேலை பார்த்தவர். அவர் பக்கத்தில் வந்து நின்றாலே ஆமணக்கெண்ணெய் கருகின மாதிரி ஒரு வாசனை அடிக்கும். பந்தய எஞ்சினுக்கு அந்த எண்ணெயைத்தான் ஊற்றுவார்களாம். நம் ஊரிலும் ஒரு பந்தயப் பாதை வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். டிராக்டர் வைத்து மேட்டைச் சமன் செய்து, வளைவுகளில் மணல் மூட்டை அடுக்கி, கயிறு கட்டி, ஒரு மாதத்தில் பாதையை முடித்துவிட்டார்.

கட்டம் போட்ட கொடி வேண்டும் என்றார். அது எங்கேயும் கிடைக்கவில்லை. அம்மாதான் என் பழைய பள்ளிக்கூடச் சட்டையின் வெள்ளையையும் கிழிந்த குடைத் துணியின் கறுப்பையும் வெட்டிச் சதுரம் சதுரமாக வைத்துத் தைத்துக் கொடுத்தாள். குடைத் துணி முரட்டுத் துணி. தையல் மிஷின் ஊசி இரண்டு தடவை உடைந்தது.

முதல் பந்தயத்துக்கு ஊர் முழுக்க சுவரொட்டி ஒட்டினார்கள். 'மாபெரும் ஆட்டோகிராஸ்' என்று கொட்டை எழுத்து. மண் பாதையில் ஓட்டுகிற பந்தயத்துக்கு அதுதான் பேராம். மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பைக்குகள் வந்தன, இரண்டு ஜீப்புகள் வந்தன. பார்க்கத்தான் ஆள் இல்லை. நாங்கள், ஆடு மேய்க்கிற இரண்டு பேர், நிலத்துக்காரர், ஐஸ் வண்டிக்காரர். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெரியவர் மனைவியைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா ஓடிப்போய் வரவேற்றார்.

"கண்ணு எங்க பாக்கறாங்க?" என்று கேட்டார் பெரியவர்.

சுவரொட்டியில் 'கிராஸ்' என்று பார்த்தவுடன் ரெட் கிராஸ்காரர்களின் இலவச மருத்துவ முகாம் என்று நினைத்து வந்திருக்கிறார். மாமா அவர்களை நிழலில் உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பைக்குகள் ஓடின. வெற்று மேட்டில் எஞ்சின் சத்தம் எழும்பி மலையில் மோதித் திரும்பி வந்தது. ஜெயித்தவன் கையைத் தூக்கினான், தட்ட ஆளில்லாமல் தானே இறக்கிக்கொண்டான். அதைப் பார்த்து நான் ஒருத்தி கை தட்டினேன். தட்டிய பிறகு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது.

சாயங்காலம் நிலத்துக்காரர் மாமாவிடம் சொன்னார். "தம்பி, நீ ஆசைப்பட்டேன்னு குடுத்தேன். இன்னும் ஒரு தடவ நடத்திக்கோ. அப்பவும் இதே கதைன்னா நான் ஏர் ஓட்டிடுவேன்." மெட்ராஸ்காரர்களும் அதையே வேறு மாதிரி சொன்னார்கள். ஆளில்லாத மேட்டில் வந்து ஓட்டுவதற்கு அவர்கள் ஏன் அவ்வளவு தூரம் வர வேண்டும்? மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

இங்கே அம்மாவின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நாலு வயதாக இருந்தபோது கார்த்திகை தீபத்தன்று கூட்டத்தில் நான் தொலைந்து போனேன். காணாமல் போன பிள்ளைகளுக்காக மைக்கில் கூப்பிடுகிற கொட்டகைக்கு அம்மா ஓடினாள். காலையிலிருந்து கத்தி, அங்கே இருந்தவருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. காற்றுதான் வந்தது. அம்மா அவர் கையிலிருந்த மைக்கை வாங்கித் தானே கூப்பிட்டாள். கத்தவில்லை, அழவில்லை. நான் போட்டிருந்த கவுன், காதில் இருந்த தோடு, பேர் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்பது, எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒரு பூக்காரம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கிடைத்த பிறகும் அம்மா வீட்டுக்கு வரவில்லை. அங்கே இன்னும் எத்தனையோ தாய்மார்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளையும் கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு தீபத்துக்கும் அவளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவள் முகம் தெரியாதவர்களுக்கும் அந்தக் குரல் தெரியும்.

பந்தயம் தோற்றுப்போன அடுத்த வாரம் நானும் அம்மாவும் கீழ்பென்னாத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வேனில் திரும்பி வந்தோம். அந்த ரோட்டில் இரண்டு வேன்கள் பேர் பெற்றவை. பச்சை வேன்காரர் கீழ்பென்னாத்தூர் ஆள். நீல வேன்காரருக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. இரண்டு பேரும் ஆள் ஏற்றுவதற்காக ஒருவரை ஒருவர் முந்துவார்கள். நாங்கள் பச்சையில் இருந்தோம். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டதும் எங்கள் டிரைவர் மிதித்தார். ஒரு வளைவில் மேலே இருந்த கீரைக் கூடை பறந்து வயலில் விழுந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்குக் கம்பியில் நெற்றி இடித்து ரத்தம் வந்தது. இரண்டு வேனும் சேர்ந்தாற்போல திருவண்ணாமலைக்குள் நுழைந்தன.

எல்லோரும் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். அம்மா போகவில்லை. தாத்தாவின் நெற்றியில் ஈரத் துணி வைத்துக் கட்டிவிட்டு, இரண்டு டிரைவர்களையும் கூப்பிட்டாள்.

"உங்களுக்கு என்னாத்துக்கு இந்த அவசரம்?"

"டைம் எடுக்கணும்ல, அக்கா" என்றார் பச்சை வேன்காரர்.

"டைமு இல்ல. நீ அவர முந்தணும், அவரு உன்ன முந்தணும். அதானே?"

நீல வேன்காரர் லேசாகச் சிரித்தார்.

"வேங்கிக்கால் மேட்டுல என் தம்பி பாதை போட்டு வச்சிருக்கான். அங்க வாங்க. வண்டியில ஒருத்தரையும் ஏத்தாம, நீங்க ரெண்டு பேரு மட்டும் ஓட்டுங்க. யாரு கெட்டின்னு ஊரே பாக்கட்டும். ஆனா ஒண்ணு. அங்க ஓட்டறதா இருந்தா இனிமே ரோட்டுல முந்தக் கூடாது."

நீல வேன்காரர் யோசித்தார். "ஊரே வருமா?"

"நான் கூப்பிட்டா வரும்" என்றாள் அம்மா.

அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் தன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "வேனா? அக்கா, இது ரேஸ். மெட்ராஸ்காரன் பாத்தா சிரிப்பான்."

"போன தடவ சிரிக்கறதுக்குக் கூட ஆளில்லையேடா" என்றாள் அம்மா. "தெரியாத ஒருத்தன் எவ்ளோ வேகமாப் போனா நமக்கென்ன? தெரிஞ்சவன் போனாத்தான் மனசு அடிச்சிக்கும். முதல்ல அவங்க வரட்டும். வந்தவங்க உன் பைக்கையும் பாப்பாங்க."

கூடவே இரண்டு நிபந்தனை வைத்தாள். பெண்களுக்குத் தனியாகப் பந்தல் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். "வெயில்ல கைக்குழந்தையோட எவ வருவா? பொம்பளைங்க வரலன்னா பாதி ஊரு வரல." மாமாவுக்கு எஞ்சினைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் வேகம் இருந்தால் கூட்டம் தானாக வந்துவிடும் என்று நம்பிவிட்டார். கெட்டிக்காரர்கள் இப்படி ஒரு இடத்தில் தவறுவதைப் பிறகும் நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வீட்டில்தான் பெரிய தடை. அப்பாவின் அக்கா, என் அத்தை, கணவர் இறந்த பிறகு எங்களோடு இருந்தாள். அவள் சொல்லை யாரும் மீறுவதில்லை. தெருத்தெருவாகக் காரில் போய் அம்மா மைக்கில் பேசப்போகிறாள் என்று தெரிந்ததும் அத்தை தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள்.

"தீபத்துக்குக் கூப்பிட்டே, சரி. அது சாமி காரியம். இது இன்னா காரியம்? சினிமாக் கொட்டகைக்காரன் மாதிரி கூவிக்கினு போவியா?"

"தம்பி வேலைய விட்டுட்டு வந்திருக்கான், அண்ணி."

"அவன் விட்டா அவனே கூவட்டும்." அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். "நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

அப்பா மின்சார ஆபீசில் வேலை பார்த்தவர். வீட்டில் அவர் குரலே கேட்காது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துதான் பதில் சொன்னார். "அவ கூப்பிட்டுத்தான் நம்ம கொழந்த திரும்பி வந்துச்சு, அக்கா. அந்தக் குரலுக்கு நான் எப்படி வேணாம்னு சொல்றது?" பிறகு அம்மாவிடம், "விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடு" என்றார். அவ்வளவுதான். அப்பா எல்லோருக்கும் பயந்தவர் என்றுதான் நம் தெருவில் பேசிக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எனக்குக் கல்யாணம் ஆகிக் குடும்பம் நடத்திய பிறகுதான் தெரிந்தது. அத்தை அன்றிலிருந்து அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு கறுப்பு அம்பாசடர் கார். மேலே முன்னும் பின்னுமாக இரண்டு புனல் ஸ்பீக்கர். பின்சீட்டில் மைக் செட்காரர் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் அம்மா, ஜன்னலோரம் நான். ரெக்சின் சீட் வெயிலில் கொதிக்கும். பாவாடையை இழுத்து மடக்கிப் போட்டுக்கொண்டு உட்காருவேன். மைக்கில் சுற்றியிருந்த கைக்குட்டை ஈரமாகி ஈரமாகிக் காயும். ரோஸ், மஞ்சள், பச்சை என்று நோட்டீஸ் கட்டு என் காலடியில் இருக்கும். மற்ற விளம்பர வண்டிகளில் பார்த்த மாதிரி நானும் முதல் தெருவிலேயே ஒரு கொத்தை எடுத்துக் காற்றில் வீசினேன். அம்மா காரை நிறுத்தச் சொன்னாள்.

"தூக்கிப் போட்டா, தூக்கிப் போடற காயிதம்னுதான் நெனப்பாங்க. கையில குடு."

அதற்குப் பிறகு கார் ஊர்ந்தது. நான் கீழே இறங்கி ஓடி ஓடிக் கையில் கொடுத்தேன். வாங்குகிறவர்கள் நோட்டீஸைப் பார்ப்பதற்கு முன்னால் காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். "தீபத்துல கூப்பிடுவாங்களே, அந்த அம்மா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கீழ்பென்னாத்தூர் சந்தையில் அம்மா பேசியது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "கீழ்பென்னாத்தூர்காரங்களே, தினமும் நீங்க ஏறிப் போற பச்சை வேனு வர ஞாயித்துக்கிழமை வேங்கிக்கால் மேட்டுல ஓடப்போவுது. எதிர்ல நீல வேனு. அடி அண்ணாமலையில இன்னா பேசிக்கறாங்கன்னா, பச்சை வேனு முதல் வளைவுலேயே நின்னுடும்னு பேசிக்கறாங்க. நெஜமா பொய்யா, நீங்களே வந்து பாத்துக்குங்க." சந்தையில் அரிசி அளந்துகொண்டிருந்தவர் படியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

பௌர்ணமியன்று பொழுது சாய்வதற்கு முன்னால் அடி அண்ணாமலைக்குப் போனோம். மலை சுற்றுகிறவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அங்கே அம்மா, நீல வேன் முதல் வளைவிலேயே நின்றுவிடும் என்று கீழ்பென்னாத்தூரில் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். மோர்க்கடைக்காரர் ஒருவர் கார் ஜன்னலில் தலையை விட்டு, "அப்படியா சொன்னாங்க? வரோம்னு சொல்லிடுங்க" என்றார். காரில் திரும்பி வரும்போது நான் கேட்டேன், அப்படி யாராவது நிஜமாகவே சொன்னார்களா என்று. "இப்ப சொல்லிக்கினு இருப்பாங்க" என்றாள் அம்மா. மைக் செட்காரர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேலூர் ரோட்டில் டவுன் பஸ் நகர முடியவில்லை. மாட்டுவண்டி, டிராக்டர், சைக்கிள், நடை. மேடே தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. அவித்த மல்லாட்டை விற்கிறவர்கள், வெள்ளரிப் பிஞ்சுக்காரி, பலூன்காரர். பெண்கள் பந்தல் நிரம்பி வழிந்தது. நிலத்துக்காரர் ஒரு வண்டியின் மேல் ஏறி நின்று, தன் நிலத்தையே முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வந்து அம்மாவின் கையைப் பிடித்துப் பிடித்து விட்டார்.

முதலில் பைக்குகள். ஓட்டுகிறவர்கள் எந்த ஊர் என்று யாருக்கும் கவலையில்லை. சிவப்பு ஹெல்மெட்டுக்கு ஒரு பக்கம், மஞ்சளுக்கு ஒரு பக்கம் என்று கூட்டம் தானே பிரிந்துகொண்டது. பிறகு பச்சையும் நீலமும் வந்து கோட்டில் நின்றன. அப்போதுதான் வினை வந்தது. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். கயிறு அறுந்தது. முன்வரிசை பாதைக்குள் இறங்கிவிட்டது, சின்னப் பிள்ளைகள் முதலில். மாமா கொடியை வீசி வீசிக் கத்தினார். காவலுக்குக் கம்போடு நின்றவர்கள் தள்ளினார்கள். தள்ளத் தள்ளக் கூட்டம் முறைத்துக்கொண்டது. டிரைவர்கள் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா மைக்கை எடுத்தாள். தீபத்தில் கூப்பிடுகிற அதே குரல்.

"ஒரு பெண் குழந்தை. வயசு மூணு இருக்கும். சிவப்பு கவுன். கையில பலூன் வச்சிருக்குது. அம்மா எங்கன்னு கேட்டுக்கினு நிக்குது."

மேட்டில் சத்தம் அடங்கிவிட்டது. அத்தனை பேரும் குனிந்து தங்கள் கால் பக்கம் பார்த்தார்கள்.

"பிள்ளைங்கள வச்சிருக்கறவங்க அவங்கவங்க பிள்ளையக் கையில பிடிச்சிக்குங்க. பிடிச்சிக்கினு மணல் மூட்டைக்குப் பின்னால போங்க. பிள்ள பத்திரம்னு தெரிஞ்சாத்தான் வண்டி கிளம்பும்."

தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் நகர்ந்ததும் பக்கத்தில் இருந்தவரும் நகர்ந்தார். பாதை காலியானது. மாமா கயிற்றை இழுத்துக் கட்டினார். நான் சிவப்பு கவுன் குழந்தையைத் தேடினேன். பக்கத்தில் எங்கேயும் அப்படி ஒரு குழந்தை இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் மாமாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கொடி இறங்கியது. இரண்டு வேனும் ஆடிக்கொண்டே பாய்ந்தன. பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. மெட்ராஸ்காரர்கள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தினார்கள். வளைவில் பச்சை முந்தியது, நேர்ப் பாதையில் நீலம் பிடித்தது. கடைசிச் சுற்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்தன. கிளம்பிய செம்மண்ணில் மலையே மறைந்துவிட்டது. கோட்டைத் தாண்டியபோது யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கொடி வைத்திருந்த மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

பச்சை என்று ஒரு பக்கம், நீலம் என்று ஒரு பக்கம். துண்டை உதறிக்கொண்டு ஆட்கள் எழுந்துவிட்டார்கள். "யாரையாவது சொல்லிடு அக்கா, அடிச்சிக்கப் போறாங்க" என்றார் மாமா.

அம்மா மைக்கில் சொன்னாள். "நான் இங்கதான் நின்னேன். எனக்குத் தெரியல. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். இதே மேட்டுல அடுத்த மாசம் ரெண்டு வண்டியும் திரும்ப ஓடும். தூசி கிளம்பாம முன்னாடியே தண்ணி தெளிச்சு வைப்போம். எல்லாரும் பிள்ளைங்களக் கூட்டிக்கினு பத்திரமா வீடு போய்ச் சேருங்க."

எங்கோ ஒருவர் சிரித்தார், அது அப்படியே பரவியது. சண்டைக்கு எழுந்தவர்கள் அடுத்த மாதத்துக்குச் சவால் விட்டுக்கொண்டு கலைந்தார்கள். சிவப்பு ஹெல்மெட்காரர் வந்து அம்மாவைக் கும்பிட்டார். "இவ்ளோ பேரு முன்னால நாங்க ஓட்டினதே இல்லம்மா" என்றார். நிலத்துக்காரர் ஏர் பேச்சையே எடுக்கவில்லை. தண்ணீர் தெளிக்கத் தன் டிராக்டரையே தருகிறேன் என்றார். எனக்கு இமையெல்லாம் செம்மண். இவள் என் அம்மா என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சிலரிடம் சொன்னேன்.

அந்தப் பாதையில் மழை வரைக்கும் பந்தயம் நடந்தது. அடுத்த கோடையிலும், அதற்கடுத்த சில கோடைகளிலும் நடந்தது. மாமா கையால் எஞ்சின் வேலை பழகிப் போனவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். பிறகு மேடு மனைகளானது. புனல் ஸ்பீக்கர், கொடி, நோட்டீஸ் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் அந்த இரண்டு வேன்களும் அதற்குப் பிறகு ஒன்றை ஒன்று முந்தவில்லை. அதில் போய் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கே தெரியும்.

அந்த முதல் வேன் பந்தயத்துக்கு மறுநாள் காலை அம்மா கிணற்றடியில் இருந்தாள். அத்தை வந்து பக்கத்தில் நின்றாள். பல நாள் கழித்துப் பேசுகிற பேச்சு.

"பால்காரன், பூக்காரி, எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. எந்த வண்டி ஜெயிச்சிது?"

"நெஜமாவே தெரியல, அண்ணி."

"வீட்டு மனுஷி கிட்டயாவது சொல்லேன்."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த பந்தயத்துக்காகத் தெருவில் கார் வந்து நின்ற அன்றைக்கு, நானும் அம்மாவும் நோட்டீஸ் கட்டோடு வெளியே வந்தோம். முன்சீட்டில் அத்தை உட்கார்ந்திருந்தாள். துவைத்துக் கட்டின வெள்ளைப் புடவை. மடியில் தண்ணீர்ச் செம்பு. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. டிரைவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

கார் தெருமுனையில் திரும்பியது. அம்மா மைக்கில் முதல் வார்த்தையைச் சொன்னாள். அத்தை ரோட்டைப் பார்த்தபடியே பின்னால் இருந்த மைக் செட்காரரிடம் சொன்னாள்.

"சத்தம் கம்மியா கீது. ஜாஸ்தி வைப்பா."